பஜார் ரோடு வழியாக ஓட்டம்

நசீபாவும் அமுதவள்ளியும் எர்ணாகுளம் மைதானத்துக்குள் மூச்சிரைக்க நுழைந்தபோது ஓட்டப் பந்தயம் தொடங்கி எல்லோரும் புறப்பட்டுப் போயிருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மிதிபட்ட வாழைப்பழத் தோல்களும் காலி பாட்டில்களும் தரை முழுக்கக் கிடந்தன. இருவர் மார்பிலும் குத்தியிருந்த எண் அட்டைகள் மட்டும் கசங்காமல் இருந்தன.

பேசி வைத்திருந்த ஆட்டோ வரவில்லை. அந்த நேரத்தில் மட்டாஞ்சேரியிலிருந்து பஸ்ஸும் கிடையாது, படகும் கிடையாது. கை காட்டி நிறுத்திய வேறொரு ஆட்டோ வெண்டுருத்திப் பாலத்தில் ஏறியதும் இருமி இருமி நின்றுவிட்டது. அங்கிருந்து தேவரா வழியாக இருவரும் ஓடியேதான் வந்திருந்தார்கள்.

"சேச்சி, கொறச்சு நேரத்தே வரணும், சீக்கிரமா," என்றான் தண்ணீர் மேசையில் நின்றிருந்த பையன்.

அமுதவள்ளிக்கு அழுகை வந்துவிட்டது. ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறவள் அவள். இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக மாதம் முழுக்க விடுப்பு எடுக்காமல் இருந்தாள். நசீபா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். திரும்பி வரும் படகில் மட்டாஞ்சேரிக் கரை தெரிந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"அவங்க ஓட்டத்துக்கு நாம எதுக்குடி அக்கரைக்குப் போகணும்? இங்கேயே ஒண்ணு நடத்தலாம்."

"யாரு அக்கா நடத்துவா?"

"நாமதான்."

நசீபாவுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் சின்னத் தையற்கூடம் ஒன்றை நடத்திவந்தாள். கணவர் சலாவுதீனுக்கு பஜார் ரோட்டில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அவள் கடற்கரையில் நடக்கத் தொடங்கினாள். நடை எப்போது ஓட்டமானது என்று அவளுக்கே தெரியாது. முக்காடும் ஓட்ட ஷூவுமாக அவள் ஓடுவதைப் பார்த்து முதலில் சிரித்த பெண்கள் பிறகு ஒவ்வொருவராகக் கூடச் சேர்ந்துகொண்டார்கள். இப்போது அது பெரிய கூட்டம்.

வீட்டில் சலாவுதீன் சொன்னார்: "இது நமக்கு வேண்டாத வேலை நசீபா. ஓடுறது வேற, ஓட வைக்கிறது வேற."

"தெரியும் இக்கா. ஓட வைக்கிறதுதான் கஷ்டம். அதான் நான் செய்யிறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். மறுநாள் கடையிலிருந்து ஒரு பெரிய கட்டுக் கயிறு கொண்டுவந்து கூடத்தில் போட்டார். "ரோட்ட மறிக்க வேணுமில்லே," என்றார்.

பாதையை நசீபாவே வரைந்தாள். அரண்மனைக்கு எதிரேயுள்ள திடலில் தொடங்கி, கொச்சங்காடி, சுள்ளிக்கல், பனையப்பள்ளி, கடற்கரை என்று சுற்றி, கல்வத்தி முனையில் திரும்பி, பஜார் ரோடு முழுவதும் ஓடித் திடலுக்கே வந்து சேர வேண்டும். இதையே இரண்டு சுற்று. சைக்கிள் சக்கரத்தில் தூரம் காட்டும் கருவியைப் பொருத்தி, விடியற்காலைகளில் அவளே மிதித்து அளந்தாள். அளவு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியது. சரியாக வரும்வரை மறுபடி மறுபடி அளந்தாள்.

காவல் நிலையத்தில் எஸ்.ஐ. அனில் வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தார். பேனா முனை பஜார் ரோட்டில் வந்து நின்றது.

"இத்தா, மத்தது எல்லாம் ஓகே. இது மாத்திரம் நடக்கில்லா. ஞாயிறு காலையில தமிழ்நாட்டு லாரி முழுவனும் அங்கேதான். லோடிங்காரங்க சம்மதிச்சா எனக்கு விரோதம் இல்லே. சம்மதிக்கலைன்னா, கடற்கரையில ஓடிட்டுப் போயிருங்க."

சுமைக்காரர்களின் மேஸ்திரி சங்கிலிப்பாண்டி கம்பத்துக்காரர். கழுத்து தோளுக்குள் இறங்கிய மாதிரி இருக்கும் உடம்பு. நசீபா முதல் தடவை போனபோது அவர் தலையில் மூட்டையோடு நடந்துகொண்டே பதில் சொன்னார்: "ஆகாதும்மா." இரண்டாம் தடவை பார்க்கவே இல்லை. மூன்றாம் தடவை அவள் மல்லி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, லாரி காலியாகும்வரை காத்திருந்தாள். தும்மல் தும்மலாக வந்தது. எழுந்து போகவில்லை.

கடைசியில் அவர் தலைத்துண்டை உதறிக்கொண்டு வந்தார். "ஏந்தங்கச்சி, ஓடுறதுக்கு ஊருல வேற ரோடா இல்ல? கடக்கரையில ஓடுங்களேன்."

"கடற்கரையில எல்லாரும் ஓடுறாங்க அண்ணே. அது டூரிஸ்ட்டுக்கான எடம். மட்டாஞ்சேரி ஓட்டம்னு பேரு வச்சிட்டு பஜார் ரோட்டுல காலு வைக்கலைன்னா அது பொய்யில்லியா?"

சங்கிலிப்பாண்டி தெருவைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பழைய கிட்டங்கிகள். சுவரில் பெயிண்ட் உரிந்து தொங்கியது. சாலையில் சிந்திய அரிசியைப் புறாக்கள் கொத்திக்கொண்டிருந்தன.

"இந்த ரோட்டுல ஓடுறதைப் பாக்க யாரும்மா வருவா?"

"நீங்க நிப்பீங்கல்ல. உங்க ஆளுங்க நிப்பாங்க."

அவர் வாய் விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "டிரைவருங்க கிட்ட நான் பேசுறேன். லாரியெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஐலண்டுல நிக்கட்டும். ஆனா ஏழரைக்கு ரோட்டைத் திருப்பிக் குடுத்துறணும். அதுக்கப்புறம் நீ ஓடினாலும் சரி, பறந்தாலும் சரி, லாரி உள்ள வரும்."

"ஏழரை. சம்மதம்."

"தண்ணி யாரு குடுப்பா?"

"ஆள் இன்னும் பாக்கலை."

"பஜார் ரோட்டுல நாங்க குடுக்குறோம். வெளியாள விடாத."

ஓட்டத்தன்று விடிவதற்கு முன் மழை தூறி ஓய்ந்திருந்தது. திடலில் பெரிய கூட்டம் வந்து குவிந்திருந்தது. வல்லார்பாடம் சரக்கு முனையத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரே நிற பனியனில் வந்திருந்தார்கள். நசீபாவோடு கடற்கரையில் ஓடும் பெண்கள் கூட்டமாக நின்று முடிச்சுப் போட்ட ஷூ நாடாக்களை மறுபடி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலுவாவிலிருந்து பாண்டியராஜன் வந்திருந்தார். டயர் கடை வைத்திருக்கும் அந்த நெட்டை மனிதர் போன இடமெல்லாம் கோப்பையோடுதான் திரும்புவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

முன்னால் வழிகாட்டிச் செல்லும் வண்டியை சலாவுதீன் கேட்டு வாங்கிக்கொண்டார். தன் பழைய புல்லட்டைத் துடைத்து, கைப்பிடியில் பச்சைக் கொடி கட்டியிருந்தார்.

"வழி மனசுல இருக்கா இக்கா?"

"நான் இங்கே பொறந்தவன். என்கிட்ட வழி கேக்குறியா?"

விசில் ஊதியதும் கூட்டம் புறப்பட்டது. நசீபாவின் கால்கள் தாமாகவே ஓரடி முன்னால் போயின. நிறுத்திக்கொண்டாள். இன்றைக்கு அவள் ஓடப் போவதில்லை.

முதல் சுற்று நன்றாகவே போனது. பஜார் ரோட்டில் சுமைக்காரர்கள் வரிசையாக நின்று தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ தகர டின்னைத் தட்ட, கிட்டங்கிச் சுவர்களில் அந்தச் சத்தம் எதிரொலித்தது. அமுதவள்ளி முதல் சுற்று முடித்துத் திடலைக் கடக்கும்போது நசீபாவைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். பேச மூச்சில்லை. முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

இரண்டாம் சுற்றில் முதலில் வருகிறவரைப் பார்க்க நசீபா முடிவுக் கோட்டில் வந்து நின்றாள். பஜார் ரோடு வந்து சேரும் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் இடது பக்கத்திலிருந்து கேட்டது.

திரும்பினாள். அரண்மனை ரோட்டிலிருந்து புல்லட் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் பாண்டியராஜன். அவருக்குப் பின் இன்னும் நான்கு பேர். கூட்டம் ஆரவாரம் செய்தது. பாண்டியராஜன் இரு கைகளையும் விரித்துக்கொண்டு கோட்டைக் கடந்தார். எந்தப் பக்கமிருந்து வந்தார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை.

நசீபா புல்லட்டிடம் ஓடினாள். சலாவுதீன் எஞ்சினை அணைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

"கல்வத்தி முனையில ஒரு மீன் வண்டி," என்றார் தாழ்ந்த குரலில். "ஓடை ஸ்லாபு ஒடைஞ்சு சக்கரம் எறங்கிப்போச்சு. ரோட்டை அடைச்சு நின்னது. ஆள் நுழையலாம், புல்லட் நுழையாது. பக்கத்துச் சந்துல பூந்து அடுத்த முக்குல பஜார் ரோட்டைப் புடிச்சுறலாம்னு நெனைச்சேன். அது நேரா அரண்மனை ரோட்டுக்குக் கொண்டு வந்துருச்சு. திரும்பிப் பாத்தா இவங்க எல்லாம் பின்னாலேயே வர்றாங்க."

"அப்போ பஜார் ரோடு?"

"ரெண்டாவது தடவை தொடவே இல்லை." அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "தப்பு என்னோடதுதான்."

கல்வத்தியில் நின்ற தொண்டருக்கு போன் போட்டாள். அடுத்து வந்தவர்களை வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் பின் ஒருவராக அனுப்பிவிட்டதாக அவர் சொன்னார். ஆக, முன்னால் ஓடிய ஐந்து பேர் மட்டுமே குறுக்கு வழியில் வந்திருக்கிறார்கள். மற்ற அத்தனை பேரும் முழுத் தூரமும் ஓடுகிறார்கள்.

கோப்பை வழங்க வந்திருந்த கவுன்சிலர் பாக்கியலக்ஷ்மி நடந்ததைக் கேட்டுவிட்டு அவளைத் தனியே அழைத்தார். "முதல் வருஷம் நசீபா. யாருக்கும் தெரியாது. அவருதான் எல்லாரையும் விட வேகமா ஓடினாரு, அதுல சந்தேகம் இல்லையே? கொடுத்துட்டுப் போலாம். இப்போ மைக்கில சொன்னா அடுத்த வருஷம் ஒருத்தரும் வரமாட்டாங்க."

நசீபா வலது பக்கம் பார்த்தாள். பஜார் ரோட்டிலிருந்து ஒரு பையன் தனியாக வந்துகொண்டிருந்தான். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கும் சஜ்ஜாத். பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. கோட்டைத் தாண்டி வந்து தரையில் மல்லாந்து படுத்துவிட்டான்.

"அவன் முழுசும் ஓடியிருக்கான் மேடம்," என்றாள் நசீபா. "நான் மறைச்சா அவன்கிட்டேர்ந்து திருடுற மாதிரி."

பாண்டியராஜன் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யாருக்கோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை நின்றுவிட்டு நேராகச் சொன்னாள். வண்டி தவறாகத் திரும்பியது, தவறு எங்களுடையது, ஆனால் நீங்கள் ஐந்து பேரும் முழுத் தூரம் ஓடவில்லை. பதக்கம் உண்டு. கோப்பை தர முடியாது.

அவர் முகம் சிவந்தது. "நான் என்ன சந்து பொந்து தெரிஞ்சவனா? வண்டி போற பக்கம் போனேன். வண்டி உங்க வண்டி!"

"ஆமாங்க. எங்க வண்டிதான்."

"ஓட்டினது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

அவர் எண் அட்டையைப் பிய்த்துத் தரையில் எறிந்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனார். நசீபா அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாள். நடந்ததை நடந்தபடி, தமிழில் ஒரு தடவையும் மலையாளத்தில் ஒரு தடவையும் சொன்னாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆலுவாக்காரர்களில் ஒருவர் "இதென்ன ஏற்பாடு!" என்று கத்தினார். அவள் அதற்கும் தலையசைத்தாள். "சரிதான். மோசமான ஏற்பாடு. பொறுப்பு நான்."

முதல் பரிசுக்கு சஜ்ஜாத்தைக் கூப்பிட்டபோது அவன் வரவில்லை. "நான் ஆறாவது ஆளாக்கும்," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான். இரண்டு பேர் தூக்கி நிறுத்தித் தள்ளிவிட வேண்டியிருந்தது.

அமுதவள்ளி பெண்களில் நடுவாந்திரமாக வந்து சேர்ந்தாள். கோட்டைத் தாண்டியதும் நசீபாவைக் கட்டிக்கொண்டாள். என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, "நீ செஞ்சது சரிக்கா," என்றாள். அதற்குப் பிறகுதான் நசீபாவுக்கு உட்காரத் தோன்றியது.

கடைசி ஆள் வந்து சேரும்போது ஏழரைக்குச் சற்று முன். பஜார் ரோட்டில் கட்டிய கயிறுகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டாள். சிறிது நேரத்தில் லாரிகளின் ஹாரன் கேட்டது.

அப்போது அவளுக்கு முன்னால் ஒரு நீண்ட நிழல் விழுந்தது. பாண்டியராஜன்.

"அந்த ரோட்டைக் காட்டுங்க."

"எந்த ரோடு?"

"நான் ஓடாத ரோடு. ஆலுவாவுல போய் என்னத்தச் சொல்ல? மட்டாஞ்சேரியில பாதி ஓடினேன்னா? கோப்பை வேணாம். நேரமும் எழுத வேணாம். நான் ஆரம்பிச்சதை முடிச்சுட்டுப் போறேன்."

"இப்போ லாரி வந்திருச்சுங்க."

"லாரிக்குப் பயந்தா டயர் கடை வைக்க முடியுமா?"

நசீபா எழுந்தாள். பையிலிருந்து அவருடைய எண் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். "குத்திக்கோங்க. நானும் வர்றேன். இந்தத் தடவை வழி தப்பாது."

கல்வத்தி முனைவரை ஆட்டோவில் போனார்கள். மீன் வண்டியை அதற்குள் தூக்கிவிட்டிருந்தார்கள். உடைந்த ஸ்லாபின் மேல் யாரோ தென்னை மட்டையை நட்டு வைத்திருந்தார்கள். அந்த இடத்திலிருந்து இருவரும் ஓடத் தொடங்கினார்கள்.

பஜார் ரோடு நிறைந்து கிடந்தது. எதிரெதிரே லாரிகள். நடுவில் கைவண்டிகள். பாண்டியராஜன் நீளக் கால்களை எட்டி வைத்தார். நசீபா பின்தங்கினாள். காலை முதல் நின்று நின்று கால் மரத்துப் போயிருந்தது. ஆனாலும் விடவில்லை. "வலது பக்கம்! கிட்டங்கி ஓரமா!" என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே ஓடினாள்.

பாதி வழியில் ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. பாண்டியராஜன் நின்றார். நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி வைத்தார். லாரியின் பின்னால் கையசைத்துக்கொண்டிருந்தவர் சங்கிலிப்பாண்டிதான். அவர் நசீபாவைப் பார்த்தார், நெட்டை மனிதரின் மார்பிலிருந்த எண்ணைப் பார்த்தார்.

"ஏழரை தாண்டிருச்சு தங்கச்சி!"

"தெரியும் அண்ணே! ரோட்டை மறிக்கச் சொல்லலை! நாங்க இப்பிடி ஓரமா நுழைஞ்சு போயிக்கிறோம்!"

சங்கிலிப்பாண்டி லாரியின் பக்கவாட்டில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். லாரி நின்றது. "ரெண்டு பேரு போகட்டும்யா. ஒண்ணும் குடிமுழுகிப் போகாது," என்று டிரைவரிடம் சொன்னார். வரிசையாக மூட்டை சுமந்துவந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். தலையில் சுமையோடு நின்ற ஒருவர், கழுத்தைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் திருப்பி, "விடாத, விடாத!" என்றார். தகர டின் மறுபடி முழங்கத் தொடங்கியது.

பாண்டியராஜன் அந்தச் சத்தத்தில் வேகம் கூட்டினார். மிளகாய் நெடி தொண்டையைப் பிடிக்க, இருமிக்கொண்டே ஓடினார். நசீபாவின் முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடினாள். மூச்சு நெஞ்சைக் கிழித்தது. ஆனால் இத்தனை மாதங்களாக வரைந்து, அளந்து, கெஞ்சி வாங்கிய தெரு அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலை முழுவதும் வராத சந்தோஷம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

திடலில் பெரிய கூட்டம் இல்லை. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து முடிவுக் கோட்டில் நின்று கைதட்டினார்கள். பாண்டியராஜன் கோட்டைத் தாண்டி, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நசீபா வந்து சேர்ந்ததும் நிமிர்ந்தார்.

"நல்ல ரோடு," என்றார். "மொதல்லயே காட்டியிருக்கலாம்."

சலாவுதீன் இரண்டு கிளாஸ் சாயாவோடு தயங்கித் தயங்கி வந்தார். ஒன்றை நசீபாவிடம் கொடுத்துவிட்டு மற்றதைப் பாண்டியராஜனிடம் நீட்டினார். "புல்லட் ஓட்டினது நான்தான்," என்றார்.

பாண்டியராஜன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு சாயாவை வாங்கிக்கொண்டார். "அடுத்த வருஷம் நீங்க வண்டி ஓட்டுவீங்களா பாய்?"

"இல்லீங்க."

"அப்போ நான் வர்றேன்."

முதலில் சிரித்தது சலாவுதீன்தான். எஸ்.ஐ. அனில் ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, சுள்ளிக்கல் முக்கில் கட்டிய கயிறு இன்னும் அப்படியே இருக்கிறது, பஸ் போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நசீபா காலி கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"நீ இரி, நான் போயி அவுத்துட்டு வர்றேன்," என்றார் சலாவுதீன்.

"சேர்ந்து போலாம் இக்கா," என்று அவள் புல்லட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "வழி நான் சொல்றேன்."